இருமாத அரசி

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அனுபவத்தை வைத்து ஊக்கமாக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் மேடம் என்று ஆபீசிலிருந்து கேட்டார்கள். ஊக்கமெல்லாம் என்னிடம் கிடையாது. ஓசூரில் கீழே டயர் கடை, மேலே நாங்கள் என்று ஒரு மாடியில், செல்போனில் கேட்கிற தொடர்கதைகளைத் தயாரிக்கும் இடத்தில் கதை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அரசிகள், மந்திரவாதிகள், பேசும் யானைகள், சாபங்கள் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் உங்கள் காதுக்கு வந்தன. ஒருத்தியைத் தவிர அவர்களில் யாரையும் நான் நம்பியதில்லை. அந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் நம் தொழிலின் பெரிய முட்டாள்தனத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சத்தம் வராத எதையும் நம் ஆட்கள் நம்பமாட்டார்கள். அரசன் வந்தால் கொம்பு ஊத வேண்டும். காதல் வந்தால் புல்லாங்குழல். நோய் வந்தால் இருமல். வயிற்றுவலியா, இருமு. விஷ அம்பு காலில் தைத்ததா, அதற்கும் இருமு. எங்கள் சவுண்ட் என்ஜினியர் மஞ்சுநாத் இருமலுக்கென்றே தனி ஃபோல்டர் வைத்திருந்தான். கிழவன் இருமல், இளவரசி இருமல், சாகும் முன் இருமல் என்று வகைவகையாகப் பேர் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவான். நல்ல பையன்தான். உத்தனப்பள்ளிக்காரன். வீட்டில் கன்னடம், ஆபீசில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு.

அந்த ஆபீசுக்கு நஸ்ரின் எழுத வந்தாள். பெயரை மாற்றியிருக்கிறேன், அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இப்போது எங்கே இருக்கிறாள் என்று சொல்லமாட்டேன், கேட்டு நச்சரிக்காதீர்கள். ராயக்கோட்டைப் பெண். அப்பாவுக்குத் தக்காளி மண்டி. அவள் கொண்டுவந்த கதையின் நாயகி வேழினி, இரண்டு நாடுகளுக்கு நடுவில் இருக்கும் கணவாயைக் காக்கிற அரசி. அவள் கைகாட்டினால் யானைக்கூட்டமே திரும்பி நடக்கும். ஆனால் சில காலைகளில் அவளால் வாளைப் பிடிக்க முடியாது. விரல் மடங்காது. தோழி வெந்நீர் கொண்டுவந்து வைப்பாள், அதில் கையை ஊறவைத்த பிறகுதான் விரல் அரசியின் பேச்சைக் கேட்கும். வெயில் பட்டால் தோல் எரியும். யாருக்கும் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. "நேற்று யானைமேல் ஏறினாளே, இன்றைக்குப் படியிறங்க முடியாதாமா?" என்று மந்திரி நக்கலடிப்பான்.

படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு அரசி என் மேசைக்கு வந்ததில்லை.

இப்போது பிரதீப்பைச் சொல்ல வேண்டும். கிரியேட்டிவ் ஹெட். பெங்களூரிலிருந்து காரில் வருவான். அத்திப்பள்ளி டிராஃபிக்கில் நின்ற கோபத்தை அப்படியே எங்கள் மாடிக்குக் கொண்டுவந்து இறக்குவான். அவன் இவன் என்று எழுதுகிறேனே என்று பார்க்காதீர்கள், என் மகன் வயது. முதல் எபிசோடைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"இவ பேஷண்ட்னு கேக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? மஞ்சு, ரெண்டு இருமல் போடு."

"அவளுக்கு இருமல் வராது சார்," என்றாள் நஸ்ரின். "மூட்டு வலி. அப்புறம் அசதி."

"அசதிக்கு என்ன சவுண்ட்?"

"சவுண்ட் இல்ல சார்."

"அப்போ அது நம்ம கதைல இல்ல."

இளவரசி இருமலைப் போட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் அரசிக்குக் காசநோய் என்று முடிவுகட்டிவிட்டார்கள். சளி டெஸ்ட் எடுக்கச் சொல்லு, கூட்டத்தில் போகும்போது முகத்தை மூடச் சொல்லு என்று கமெண்ட் மேல் கமெண்ட். ஒருவர் அரசு மருந்து இலவசம் என்றுகூட வேழினிக்குத் தகவல் கொடுத்திருந்தார். மறுநாள் நானே மஞ்சுவிடம் சொல்லி இருமலை எடுக்கவைத்தேன். அதற்குப் பதில் நஸ்ரின் ஒன்று கேட்டாள். அரசி படியேறும்போது காலடி ஓசை படிக்கு முன்னால் கொஞ்சம் நிற்க வேண்டும், பிறகு ஒவ்வொன்றாக வரவேண்டும், அவ்வளவுதான் என்றாள். மஞ்சு செய்தான். சிப்காட் கம்பெனி பஸ்களில் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு போகிற ஹாஸ்டல் பெண்களுக்கு அந்த நிறுத்தம் புரிந்துவிட்டது. கதை பிய்த்துக்கொண்டு ஓடியது.

வெந்நீர் விஷயம் எங்கிருந்து பிடித்தாய் என்று ஒருநாள் நஸ்ரினிடம் கேட்டேன். மழுப்புவாள் என்று நினைத்தேன். சொல்லிவிட்டாள்.

"எனக்கு லூபஸ் மேடம். உடம்பைக் காக்க வேண்டியதே உடம்பை அடிக்கும். தினமும் மாத்திரை. சில நாள் நல்லா இருப்பேன், சில நாள் சட்டைப் பட்டன் போட அம்மாவைக் கூப்பிடணும். முன்னாடி வேலை பார்த்த எடத்துல உண்மையைச் சொன்னேன். அடுத்த வாரமே, நீ ரெஸ்ட் எடும்மான்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இங்க யாருக்கும் தெரிய வேணாம் மேடம். இந்தக் கதை என் கையை விட்டுப் போயிடுச்சுன்னா எனக்கு எழுந்திருக்கறதுக்கே காரணம் இல்ல."

சரி என்றேன்.

முடியாத நாட்களில் அவள் ஆபீசுக்கு என்ன சொல்வாள் தெரியுமா? யானை. ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் வருகிற வழியில் சானமாவு காடு இருக்கிறது. அங்கே யானை ரோட்டைக் கடந்தால் பஸ் நின்றுவிடும், வனத்துறை கைகாட்டும்வரை யாரும் நகரமுடியாது. "சானமாவுல யானை சார், பஸ் நிக்குது" என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டு, மதியம் விரல் மடங்க ஆரம்பித்ததும் கிளம்பி வருவாள். பிரதீப் ஒருதடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை. போட்டோ எடுத்தியா என்றுதான் ஆசையாகக் கேட்பான். காய்ச்சல் என்று லீவு கேட்டவனிடம் டாக்டர் சர்டிபிகேட் கேட்ட அதே ஆள். யானை என்றால் பெரிதாக, கறுப்பாக இருக்கிறது பாருங்கள், நம்பிவிட்டான்.

கதை முடிகிற கட்டம் வந்தது. பிரதீப் மீட்டிங் போட்டான். கடைசி எபிசோடில் வேழினிக்குக் குணமாக வேண்டும். மந்திரி ஏழு மலை தாண்டி ஒரு மூலிகை வேர் கொண்டுவருகிறான், அரசி மென்று தின்கிறாள், வலி பறந்துவிடுகிறது. கொம்பு, முரசு, முடிவு.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், வயிற்றெரிச்சல் தீரட்டும். கதையில் ஒரு பெண்ணுக்கு நோய் கொடுத்தால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. ஒன்று, அழகாகச் சாகடிப்பார்கள், முகத்தில் நிலவொளி விழும். இல்லையென்றால் அந்த நோய்தான் அவளுடைய மந்திரசக்தி என்பார்கள். வலி வந்தால் கண்ணிலிருந்து தீ வரும், ரொம்ப வசதி! அதுவும் இல்லையென்றால் இளவரசன் தொட்டதும் குணமாகிவிடும். மாத்திரை தின்று, படுத்து எழுந்து, மறுநாளும் கோட்டையைக் காக்கிற ஒருத்தி மட்டும் இவர்கள் கற்பனைக்கு எட்டமாட்டாள். பறக்கும் குதிரையைக் கூசாமல் எழுதுகிற கைக்கு இது மட்டும் நம்பமுடியாததாக இருக்கிறது.

அந்த மீட்டிங்குக்கு நஸ்ரின் மதியம்தான் வந்தாள். யானை மெசேஜ் காலையிலேயே வந்திருந்தது. வந்து உட்கார்ந்ததும், "வேர் வேணாம் சார், அவ நோயோடயே கணவாயைக் காப்பாத்தட்டும், அதுதான் கதை" என்றாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் விடவும் இல்லை. பிரதீப்புக்குக் காது சிவந்தது. அந்த நேரம் பார்த்து மஞ்சு, பாவம், ஒன்றும் தெரியாமல் வாயைத் திறந்தான்.

"காலைல யானையா? நான் அந்த ரோட்லதானே வந்தேன். ஒண்ணும் இல்லையே!"

எல்லாரும் நஸ்ரின் பக்கம் திரும்பினார்கள்.

பிரதீப் மெதுவாகச் சிரித்தான். "ஓ. யானை இல்ல. அப்போ இத்தனை நாளா எங்க போற? ஏன் இந்த நோயை மட்டும் இப்படிப் பிடிச்சுத் தொங்கற? உனக்கே ஏதாவது இருக்கா?"

கேட்டுக்கொண்டே அவன் பார்வை மேசைக்குப் போனது. அவள் பைக்கு வெளியே, கிருஷ்ணகிரி மெடிக்கல் கடையின் கவர் ஒன்று பாதி நீட்டிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் கோபம் போய் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம்தான் எனக்குப் பயம். "நிஜ வேழினி இவர்தான்" என்று அவள் போட்டோவை ஆப்பின் முகப்பில் போட்டு, நாலு நாள் அழவைத்து, ஐந்தாம் நாள் ரெஸ்ட் எடும்மா என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவான். எனக்கு அவனை நன்றாகத் தெரியும். நஸ்ரின் கவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வெளுத்துப்போயிருந்தாள்.

நான் கையை நீட்டி அந்தக் கவரை எடுத்து என் ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டேன்.

"என் மாத்திரை," என்றேன். "நோய் எனக்கு. ஓசூர்ல வாங்கினா ஊர் முழுக்கத் தெரிஞ்சுடும்னு நான்தான் அவளைக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பறேன். யானைக் கதையைக் கட்டச் சொன்னதும் நான்தான். போதுமா? கதைல வர்றதெல்லாம் நான் அவகிட்டச் சொன்னது."

"மேடம்... உங்களுக்கா?" என்றான்.

நோயைப் பற்றி ரெண்டு கேள்வி கேட்டான். பேர் லூபஸ் என்றேன். விரல் மடங்காதது, வெந்நீர், வெயில் எரிச்சல், படிக்கு முன்னால் நிற்பது எல்லாவற்றையும் கடகடவென்று சொன்னேன். அத்தனையும் அவனே கேட்டு ஓகே செய்த எபிசோடுகளில் இருந்த வசனம். ஒன்றையாவது கண்டுபிடிக்க வேண்டுமே! கண் கலங்கிவிட்டான் மடையன்.

இல்லாத நோயைச் சொல்லிக்கொண்டது தப்பில்லையா என்று உங்களில் யாராவது முகம் சுளிப்பீர்கள். நன்றாகச் சுளியுங்கள். யோசிக்க எனக்குக் கிடைத்தது ஒரு மூச்சு விடுகிற நேரம். உங்களுக்கு அந்த நேரம் வரும்போது இதைவிட நல்ல வழி தோன்றினால் எனக்கும் சொல்லியனுப்புங்கள்.

படிக்கட்டில் வைத்துக் கவரைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அவள் அழுதாள். "எதுக்கு மேடம்?" என்றாள். "எனக்கு ரிட்டையர்மெண்ட் வருது, என்னை எங்க அனுப்புவான்? மாத்திரையைப் போடு முதல்ல" என்றேன்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. நோயாளி ஆகிப் பார்த்தால்தான் நம் ஆபீசில் எத்தனை டாக்டர்கள் என்று தெரியும். பப்பாளி இலைச் சாறு, கேப்பைக் களி, பாலை நிறுத்துங்கள், பாலை மட்டும் குடியுங்கள். எங்கள் மாமியாருக்கும் இதேதான், நடந்தே சரிபண்ணிவிட்டார் என்றாள் அக்கவுண்ட்ஸ் பெண். ஸ்டெல்லா மேடம், மனசுதான் காரணம், மனசை லேசாக வையுங்கள் என்றான் ஒருவன், என் மனசில் அவனே கல் மாதிரி உட்கார்ந்திருப்பது தெரியாமல். என் கூடச் சர்ச்சுக்கு வருகிறவர்களுக்கு எப்படியோ செய்தி போய், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த புதுத் தொடரை, உங்களுக்கு ஸ்ட்ரெஸ் வேண்டாம் மேடம் என்று பிடுங்கி வேறொருவனிடம் கொடுத்தார்கள். லிஃப்ட் இல்லாத ஆபீசில் நான் விறுவிறுவென்று படியேறினால், "அப்போ இப்ப பரவாயில்லபோல" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் தவறாமல் சொன்ன ஒரு வாக்கியம் உண்டு.

"உங்களைப் பார்த்தா அப்படித் தெரியவே இல்லையே மேடம்!"

எப்படித் தெரியும்? எனக்குத்தான் ஒன்றும் இல்லையே. வாழ்க்கையில் அவர்கள் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

இத்தனையையும் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து நஸ்ரின் கேட்டுக்கொண்டிருந்தாள். உண்மையான நோய் அங்கே இருந்தது, ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒருநாள் நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"இதுக்கே களைச்சுட்டீங்களா மேடம்? நான் காலேஜ்ல இருந்து இதைக் கேட்டுட்டு இருக்கேன்."

அன்று மாலையே பிரதீப் பச்சையாக ஏதோ ஒரு சாற்றை டம்ளரில் ஊற்றி, தன் கையாலேயே அரைத்தது என்று கொண்டுவந்து நீட்டினான். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வேணாம். குணமாயிடுச்சு," என்றேன்.

"என்ன மேடம்?"

"குணமாயிடுச்சு. டாக்டர் சொல்லிட்டார். சுத்தமா போயிடுச்சு."

இந்த நோய் அப்படிப் போகாது என்று போனில் ஒரு நிமிஷம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். யார் தேடினார்கள்? ஹோ என்று ஒரே சத்தம். எதிர் பேக்கரியிலிருந்து கேக் வந்தது. மெழுகுவர்த்தி வேறு. கட்டிப்பிடித்தார்கள். அவர்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இனிமேல் என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்கிற நிம்மதி அது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நஸ்ரின் கேக்கைத் தொடவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

கடைசி எபிசோடில் பிரதீப் கேட்டபடியே மூலிகை வேர் வந்தது. மந்திரி கொடுக்கிறான். வேழினி மெல்லுகிறாள். சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டு, "குணமாயிற்றா அரசி?" என்று கேட்கிறது. அவள் எல்லாரையும் ஒருமுறை பார்க்கிறாள். "குணமாகிவிட்டேன்" என்கிறாள். கொம்பு முழங்குகிறது, முரசு அதிர்கிறது. பிரதீப் அந்த இடத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டான். "சூப்பர். இதைத்தானே கேட்டேன்" என்று என் தோளைத் தட்டிவிட்டு, டிராஃபிக்குக்கு முன்னால் போகவேண்டும் என்று கிளம்பிவிட்டான்.

எபிசோட் அங்கே முடியவில்லை. முரசு ஓய்கிறது. காலடி ஓசை வருகிறது. படிக்கு முன்னால் நிற்கிறது. பிறகு ஒவ்வொன்றாக ஏறுகிறது. கதவு சாத்துகிற சத்தம். பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றுகிற சத்தம். தண்ணீருக்குள் இரண்டு கைகள் மெதுவாக இறங்குகிற சத்தம். ஒரு வசனம் கிடையாது. தொடர் முடிந்தது.

மஞ்சு கடைசிவரை கேட்டான். கன்சோலில் இருந்து கையை எடுக்கவில்லை.

"மேடம், இவங்களுக்குக் குணமாகலதானே?"

"உனக்கு என்ன கேட்டுச்சு?"

"தண்ணி," என்றான். பிறகு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த நஸ்ரினைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர்ச் சத்தத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் நீட்டி வைத்தான்.

அந்த எபிசோட் வெளியான அன்று கமெண்ட் மழை. பேருக்கு ஒன்றிரண்டு பேர் வாழ்த்து சொல்லியிருந்தார்கள். மற்றதெல்லாம் பெண்கள். நானும் காலையில் லைன் சூப்பர்வைசரிடம் இதைத்தான் சொன்னேன் அக்கா என்று ஒருத்தி. என் மாமியார் வீட்டில் எனக்குப் போன வருஷமே குணமாகிவிட்டது என்று ஒருத்தி. எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, ஹேப்பி எண்டிங் என்றால் ஹேப்பி எண்டிங்தான் என்று பிரதீப் எல்லாருக்கும் மெயில் போட்டான். நஸ்ரினிடமே அடுத்த தொடரும் போனது. அதற்கப்புறம் அவள் வராத காலைகளில் அவள் மெசேஜ் போடுவதற்கு முன்பே மஞ்சு உள்ளே வந்து, "சானமாவுல யானை சார், ரோடு பிளாக். நானே பார்த்தேன், சுத்தி வந்தேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விடுவான்.

நான் ஓய்வு பெற்ற நாளில் விழா வைத்தார்கள். மாலை, பொன்னாடை எல்லாம் உண்டு. பிரதீப் மைக்கைப் பிடித்து, நோயை வென்ற வீராங்கனை என்று என்னைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினான். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்டினார்கள், தட்டினார்கள், நிறுத்தவே இல்லை. கடைசி வரிசையில் நஸ்ரின் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். துப்பட்டாவுக்குள் இரண்டு கைகளையும் மடித்து வைத்திருந்தாள்.

பிரதீப் என் காதுக்குக் குனிந்தான். "பார்த்தீங்களா மேடம்? உங்க உடம்பு சரியானதுக்கு ஊரே கைதட்டுது. நீங்க வளர்த்துவிட்ட பொண்ணு, கையை அசைக்கல பாருங்க. நன்றிகெட்டது."

மாலையைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்துவிட்டு இறங்கி நடந்தேன். கடைசி வரிசைக்குப் போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"யானையா?" என்று கேட்டேன்.

"பெரிய கூட்டம் மேடம்," என்றாள். "காலைல இருந்து நகரவே மாட்டேங்குது."

மேடையில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சு எங்கிருந்தோ ஒரு டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்து, அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அவள் குடிக்கவில்லை. இரண்டு கையாலும் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். விரல் மடங்கும்வரை நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.